ஆடி மாதத்தில் அகலமாகும் வீடு

எங்கள் காம்பவுண்டில் கோகிலவாணி வீட்டுச் சுவர் முதன்முதலாக நகர்ந்தது ஆடி பிறந்த முதல் செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில். நான் அப்போது ஒரு கை புளி வாங்கிப்போக அவள் வாசலில் நின்றுகொண்டிருந்தேன், அதனால் இது யாரோ சொல்லி நான் கேட்ட சமாச்சாரம் இல்லை. அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரிடமோ போனில் பேசி முடித்து, “சரிங்க, அப்ப அழிச்சர்றனுங்க” என்று சொல்லி வைத்துவிட்டு மவுஸை ஒரு தட்டுத் தட்டினாள், தெற்குச் சுவர் அதில் மாட்டியிருந்த காலண்டரோடும் கண்ணாடியோடும் அரை முழம் பின்னால் போய் நின்றது. சத்தம் கிடையாது, ஒரு பொட்டுச் சுண்ணாம்பு உதிரவில்லை. புளி அடுப்பு மேடைக்குக் கீழே இருப்பதாக அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள், நானும் உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், வெளியே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது, போகும்போதும் வரும்போதும் அந்தக் கம்ப்யூட்டர் மேசையை நான் ஒருக்களிக்காமல் தாண்டியிருக்கிறேன் என்று. என்னை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான் ஒருக்களிக்காமல் நடக்கிற இடம் என்றால் அது கல்யாண மண்டபமாக இருந்தால்தான் உண்டு.

திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்தவர்களுக்கென்று கட்டின லைன் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள்: ஒரே வரிசையில் எட்டு வீடு, எட்டுக்கும் ஒரே கூரை, வீட்டுக்கு ஒரே அறை, அந்த அறைக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, சாமி, சண்டை எல்லாம், வரிசையின் ஒரு கோடியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். நான் ருக்மணி, ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்கிறவள், நடு வீட்டுக்காரி. குழாயை ஒட்டின வீட்டில் மருதாசலம், கம்பெனியில் செக்கிங் வேலை, தனிக்கட்டை. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், இப்போதே ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வந்து கதை கெட்டுப்போகும். மறு கோடியில் கோகிலவாணி. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறவர், வடக்கே போனால் வர மாதக்கணக்காகும், நல்ல மனுஷன்தான், ஆனால் அவருக்கு வீடு என்பது லாரிதான்.

கோகிலவாணிக்கு வேலை வீட்டிலேயே. ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணத்தைப் படம் பிடித்து மெமரி கார்டில் கொண்டுவந்து கொடுப்பார்கள், அவள் அதைப் பார்த்து வெட்டி ஒட்டி வீடியோவாகவும் ஆல்பமாகவும் ஆக்கிக் கொடுப்பாள். நீங்களும் நானும் ஒரு கல்யாணத்துக்குப் போனால் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம், அவளுக்கு அப்படி இல்லை; மாப்பிள்ளை அழைப்பிலிருந்து பந்தியில் யார் யார் அப்பளத்தை நொறுக்கினார்கள் என்பதுவரை மொத்தக் கல்யாணமும் அவள் ஹார்ட் டிஸ்க்கில் வந்து குடியேறிவிடும், அப்படியே வந்தது ஒன்று, வெட்டி ஒட்டினது ஒன்று, அச்சுக்கு அனுப்பினது ஒன்று என்று ஒரு கல்யாணம் மூன்று கல்யாணமாக. ஆவணி, தை, பங்குனி முகூர்த்தங்களில் டிஸ்க் ரொம்பித் ததும்பும். ஆடியில் ஊரில் கல்யாணம் கிடையாது, அதனால் ஆடி பிறந்ததும் அவள் டிஸ்க்கைச் சுத்தம் செய்ய உட்காருவாள்.

அந்தச் சுத்தத்தைத்தான் நான் வாய் ஓயாமல் மெச்சுவேன். மற்றவர்கள் மாதிரி கண்டதைப் பிடித்து அழிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, ஒவ்வொரு கல்யாணத்துக்காரருக்கும் போன் போடுவாள், ஆல்பம் வந்துவிட்டதா, வீடியோ பத்திரமாக இருக்கிறதா, தனியாக இன்னொரு காப்பி எடுத்து வைத்தீர்களா என்று விசாரிப்பாள், இல்லையென்றால் தானே எடுத்து பஸ்ஸில் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேர்ந்தது என்று தெரிந்தபிறகு, “அப்ப அழிச்சர்லாங்களா?” என்று கேட்டுத்தான் அழிப்பாள். அதில் இருக்கிறவர்களைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்பது அவள் வைத்துக்கொண்ட சட்டம். இன்னொன்று, எவ்வளவு நெருக்கடியானாலும் டிஸ்க்கில் ஏழில் ஒரு பங்கை ஒன்றும் போடாமல் வெறுமனே விட்டு வைப்பாள், விளிம்புவரை ரொப்பினால் அது மூச்சு முட்டித் திணறும், பிறகு ஒரு வேலையும் ஓடாது என்பாள். அவள் சுபாவமும் அதேதான், யாரையும் நெருக்கித் தள்ளிக்கொண்டு நின்று நான் பார்த்ததில்லை.

இவ்வளவு ஒழுங்குக்காரிக்கு ஒரே ஒரு குறை, அது பெரிய குறை. அவளுக்கு ஒரு மகள், நிவேதிகா, ஆறாம் வகுப்பு. கம்ப்யூட்டரும் மேசையும் பேட்டரியும் வந்தபிறகு அந்த அறையில் மிச்சம் இருந்தது ஒரு பாயளவு, அதிலும் காலை நீட்டினால் அடுப்பு மேடை இடிக்கும். சோறு போடுகிற கம்ப்யூட்டரை வெளியே வைக்க முடியாது, அதனால் மகளை அவினாசியில் தன் அண்ணன் வீட்டில் விட்டிருந்தாள். அண்ணனும் அண்ணியும் தங்கமானவர்கள். ஆனால் அந்தப் பிள்ளை அங்கே இருந்த வருஷங்களில் ஒரு நாள்கூடத் தன் துணியை அலமாரியில் அடுக்கியதில்லையாம், கொண்டுபோன பையிலிருந்து எடுத்து உடுத்தி, துவைத்து, மறுபடி அந்தப் பைக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளுமாம். அண்ணி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், கோகிலவாணி என்னிடம் வந்து சொல்லி அழுத அழுகை எனக்கல்லவா தெரியும்.

ஆக, சுவர் நகர்ந்ததும் அவள் ஏன் எப்படி என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அடுத்த கல்யாணத்துக்காரருக்குப் போன் போட்டாள். பல்லடத்துக் கல்யாணம் ஒன்று போனது, சுவர் ஒரு சாண் போனது. ஊத்துக்குளி காதுகுத்து போனது, நாலு விரற்கடை போனது. இரண்டு வருஷமாக ஆள் பிடிபடாமல் கிடந்த ஒரு நிச்சயதார்த்தத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்துக் கேட்டு அழித்தாள், அது ட்ரோனெல்லாம் வைத்து எடுத்தது, சுவர் சொகுசாக ஒரு முழம் போனது. இப்படி அந்த வீடு ஒவ்வொரு சாணாக அகலமாகி, ஆடிப் பதினெட்டு நோம்பிக்கு நிவேதிகா பையோடு வந்து இறங்கியபோது, இரண்டாவது பாய் விரிக்க இடம் தயாராக இருந்தது. அந்தப் பிள்ளை அன்றைக்குக் கையைக் காலைப் பரப்பிக்கொண்டு தூங்கினதை நாங்கள் எல்லாரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். நோம்பி முடிந்தும் இங்கேயே இருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடம் போய்வந்தது, ஆனால் பையை மட்டும் பிரிக்கவில்லை, தலைமாட்டில் வைத்துக்கொண்டது.

வீட்டுக்காரர் அர்த்தநாரி டேப்போடு வந்தார். வெளியே அளந்தார், பழைய அளவு. உள்ளே அளந்தார், கூடுதல். டேப் கெட்டுவிட்டதென்று வேறு டேப் வாங்கிவந்து அளந்தார். கடைசியில் ஒரு காப்பி குடித்துவிட்டு, புதுசாக வந்த இடத்தில் மட்டும் ஆணி அடிக்க வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார். அவள் வீட்டில் மட்டுமில்லை, எந்த வீட்டிலும், கம்ப்யூட்டர் என்றில்லை, செல்போனில் இருப்பதை அழித்தாலும் இடம் வரும் என்று தெரிந்தபிறகு எங்கள் காம்பவுண்டு பட்ட பாட்டைக் கேட்கணுமே. காலையில் வரும் ரோஜாப்பூ வணக்கமும், இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று வந்த சாமி படங்களும் எங்கள் வீடுகளில் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் தெரிந்தது. நான் என் நாத்தனார் அனுப்பினதை மட்டும் அழித்தேன், ஒரு பீரோ வைக்கிற அளவுக்கு மூலை கிடைத்தது.

தப்பும் நடந்தது. மூன்றாவது வீட்டுப் பையன் தன் லேப்டாப்பில் ஒரு சினிமாப் படத்தை அழிக்கிறேன் என்று, படத்தை விட்டுவிட்டு அதைத் திறக்கிற ஷார்ட்கட் பொம்மையை மட்டும் அழித்து ஊரைக் கூட்டினான், தீப்பெட்டி வைக்கத்தான் இடம் கிடைத்தது. எனக்கு அடுத்த வீட்டில் எல்லாவற்றையும் அழித்தார்கள், ஆனால் கம்ப்யூட்டரின் குப்பைத் தொட்டியைக் காலி செய்ய மறந்துவிட்டார்கள். இடம் வந்த மாதிரிதான் இருந்தது, கட்டிலைப் போட்டால் கட்டில் மெதுவாக நகர்ந்து திரும்ப வந்துவிடும். கோகிலவாணி போய் ஒரு தட்டுத் தட்டிக் கொடுத்தாள், கட்டில் அடங்கி உட்கார்ந்தது. கிடைத்த இடத்தில் எல்லாரும் பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் என்று வாங்கி ரொப்பினோம். அவள் மட்டும் தன் அறையில் ஒரு ஓரத்தை வெறுமனே விட்டு வைத்தாள்.

ஒரு எழுத்துக்கூட அழிக்காதவர் மருதாசலம் ஒருவர்தான். இப்போது சொல்லித்தான் ஆகவேண்டும். குழாய் அவர் வீட்டை ஒட்டியிருக்கிறது என்பதால் குழாய்க்கே தான் ஜவாப்தாரி என்று நினைப்பு. தண்ணீர் வருகிற அன்றைக்கெல்லாம் வாசலில் நின்று செல்போனை நீட்டிப் படம் பிடிப்பார்: யார் முதலில் வந்தார்கள், யார் எத்தனை குடம் பிடித்தார்கள், யார் குடத்தை வைத்து இடம் போட்டுவிட்டுப் போனார்கள். மூன்று வருஷச் சண்டைக்கும் அவரிடம் சாட்சி இருந்தது. செல்போனில் கொள்ளாமல் அதற்கென்றே தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதில் சேர்த்து வைத்திருந்தார். அதில் பாதிக்கு மேல் நான்தான். மூன்றாவது குடம் மூன்றாவது குடம் என்பார். அது இரண்டாவது குடம்தான், அவர் நின்ற கோணம் அப்படி. ஊரெல்லாம் அகலமானபோதும் அவர் வீடு மட்டும் அப்படியே நெருக்கிக்கொண்டு கிடந்தது, நான் போகிற போக்கில், இவ்வளவு தண்ணீரை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு எப்படித்தான் படுக்கிறாரோ என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவேன்.

ஆடி முடிந்தது. ஆவணியின் முதல் முகூர்த்தம் மெமரி கார்டில் வந்தது, கம்ப்யூட்டரில் ஏறினது, தெற்குச் சுவர் ஒரு சாண் முன்னால் வந்தது.

அதைவிட மோசம், அந்தப் பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். அம்மா கார்டைச் செருகும்போதெல்லாம் எழுந்து போய்த் தன் பாயை, யாரும் சொல்லாமல், கொஞ்சம் இப்புறமாக இழுத்துப் போட்டுக்கொள்ளும். ஒரு வார்த்தை கேட்காது. இரண்டாவது கல்யாணத்துக்குப் பாய் மேசைக் காலைத் தொட்டுவிட்டது. கோகிலவாணி அன்று சாயங்காலம் என்னிடம், விநாயகர் சதுர்த்திக்குள் நிவியைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் போகட்டுமா என்று அவளே கேட்டுவிடுவாள் அக்கா, அதை என்னால் தாங்க முடியாது என்றாள். இதையெல்லாம் ஆகாயத்தில் எங்கேயோ ஏற்றி வைக்கலாமாமே, கம்பெனியில் பேசிக்கொள்கிறார்களே என்று நான் கேட்டேன். நம் ஏரியா நெட்டில் ஒரு கல்யாணம் மேலே ஏறி முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பே வந்துவிடும் என்றாள். ஸ்டுடியோவிலேயே வைக்கச் சொல் என்றேன். அங்கே ஒருமுறை ஒரு கல்யாணமே காணாமல் போய், அந்தப் பெண்ணின் அம்மா வந்து நின்ற நிலையை அவள் பார்த்திருக்கிறாள், ஒரு காப்பியாவது தன் கண்ணெதிரில் இல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. வேறு யாராவது என்றால், போகிறது கழுதை என்று அழித்துவிட்டு மகளைப் படுக்க வைத்திருப்பார்கள். நானே அப்படித்தான் செய்திருப்பேன்.

எனக்கு வந்ததே ஆத்திரம். நேராகக் குழாயடிக்குப் போய், பீரோ வாங்கினவர்கள், கட்டில் வாங்கினவர்கள், ஃபிரிட்ஜ் வாங்கினவர்கள் எல்லாரையும் நிறுத்தி வைத்து, அந்தப் பிள்ளை பாயை இழுத்துப் போட்டுக்கொள்கிறதை நடித்தே காட்டினேன். ஆளுக்கு ஒரு கல்யாணத்தை நம் வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன குறைந்துபோகும், ஒரு சாண் இடம் தானே என்றேன். ஒருத்தியும் மறுபேச்சுப் பேசவில்லை. கோகிலவாணிதான் உங்களுக்கெல்லாம் எதற்குச் சிரமம் என்று இழுத்தாள், வாயை மூடு என்று அதட்டி அவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். அவரவர் பென் டிரைவைக் கொண்டுவந்தார்கள், லேப்டாப்பைக் கொண்டுவந்தார்கள். தாராபுரத்துக் கல்யாணம் என் வீட்டுக்கு வந்தது, என் பீரோ என் தம்பி வீட்டுக்குப் போனது, வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத பீரோ. அடுத்த வீட்டில் அந்த அலைந்த கட்டிலைப் பிரித்துச் சுவரில் சாய்த்தார்கள்.

அதன்பிறகு அந்தக் கல்யாணங்களோடு நாங்கள் பழகிப்போனோம். என் வீட்டுக் கல்யாணத்தின் மேல் யாரும் ஈரத்துணியைப் போட விடமாட்டேன். இரண்டாவது வீட்டுக்காரி விசேஷ நாளில் தன் கல்யாணம் இருக்கிற மூலைக்கும் சேர்த்து மஞ்சள் குங்குமம் வைப்பாள். எங்கள் வீட்டு மாப்பிள்ளை பெண்ணைவிடக் குள்ளம் என்று ஒருத்தி சொல்ல, குணம் எப்படி என்று இன்னொருத்தி கேட்பாள். அடுத்தடுத்து வந்த முகூர்த்தங்களும் சேர்ந்து முன்பின் தெரியாத ஆறு ஜோடிகள் எங்கள் ஆறு வீட்டில் குடியிருந்தார்கள், நிவேதிகாவின் பாய் மேசைக் காலை விட்டுத் தள்ளிப் போனது.

அப்போதுதான் அந்தப் பெரிய கல்யாணம் வந்தது. இரண்டு நாள் கல்யாணம், மூன்று கேமரா, மேலே பறக்கிறது ஒன்று, சீர்த்தட்டுகளையே ஒவ்வொன்றாகப் பக்கத்தில் போய் எடுத்திருந்தார்கள். கோகிலவாணி கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் டிஸ்க்கில் ஏற்றினால் சுவர் பழைய இடத்துக்கே வந்துவிடும். எங்கள் வீடுகளில் இனி ஒரு ஊசி நுழையாது. ஏழில் ஒரு பங்கு வெறுமனே வைத்திருக்கிறாயே, அதில் போடு என்று நான் சொன்னேன். போட்டுப் பார்க்கலாம் அக்கா, ஆனால் திணறி நின்றுவிட்டால் இருக்கிற எல்லாக் கல்யாணமும் போய்விடும் என்றாள். நிவேதிகா பாயைச் சுருட்டிக் கட்டி, பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா,” என்றது, ஏதோ கடைக்குப் போகிற மாதிரி.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தால் அங்கே மருதாசலம் நிற்கிறார். மூன்று வருஷத்தில் என் வாசல்படிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கையில் கர்ச்சீப்பில் சுற்றின ஹார்ட் டிஸ்க்.

“ருக்குமணிக்கா, இதுல நீங்கதான் நெறையா இருக்கீங்க,” என்றார். “இருக்கறவங்களக் கேக்காம அழிக்கக் கூடாதாமே. அழிச்சரட்டுங்களா?”

ஒரு தடவை பார்த்துவிட்டு அழிக்கலாம் என்று சொன்னேன். கோகிலவாணியின் கம்ப்யூட்டரில் போட்டோம், எட்டு வீடும் வாசலை அடைத்துக்கொண்டு நின்று பார்த்தது. அப்பப்பா, என்ன தண்ணீர், என்ன சண்டை. என் கொண்டை அவிழ்ந்து கிடந்தது, கையை நீட்டி நீட்டிப் பேசினேன், சத்தம் இல்லாமல் போட்டும் காது வலித்தது. வேனில் காலத்தில் எட்டு நாள் தண்ணீர் வராமல் வந்த அன்றைக்கு, யாரும் சொல்லாமலே எல்லாரும் ஆளுக்கு ஒரு குடத்தோடு நகர்ந்துகொண்டதும் அதில் இருந்தது, அதையும்தான் அந்த மனுஷன் பிடித்து வைத்திருந்தார். பிறகு ஒரு படம்: குழாயடியில் சின்னப் பிள்ளையாக நிவேதிகா, அவினாசிக்கு அனுப்புவதற்கு முன்னால், ஒரு சொம்பை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்து நின்றது. மருதாசலம் கோகிலவாணியைப் பார்த்து, இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், உங்களுக்குத்தான் என்றார்.

“வேண்டாமுங்கண்ணா,” என்றாள் கோகிலவாணி. “படத்த வெச்சுட்டு நான் என்ன பண்றது. எனக்கு ஆளு வேணும்.”

ஒவ்வொரு வீட்டுக்காரராகப் பார்த்து, அழிக்கலாமா என்று முறையாகக் கேட்டாள். ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினோம். அழித்தாள், குப்பைத் தொட்டியையும் காலி செய்தாள். குழாயை ஒட்டின வீடு, மூன்று வருஷமாக நெருக்கிக் கிடந்த வீடு, பெருமூச்சு விட்ட மாதிரி அகலமானது. அந்த அகலத்தை மருதாசலம் அனுபவித்தது ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான். பெரிய கல்யாணத்தை முக்கால்வாசி அவர் டிஸ்க்கிலும், மீதியை அவர் செல்போனிலும் ஏற்றிக் கொடுத்தாள், சுவர்கள் திரும்ப வந்து அவரைப் பழையபடி கட்டிப்பிடித்துக்கொண்டன. நிவேதிகா பையைக் கீழே வைத்தது, பிரித்தது, உள்ளே இருந்த பாவாடை சட்டையெல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினது, கடைசியில் காலிப் பையை உதறி மடித்துக் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் செருகினது.

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் காலையில் தண்ணீர் வந்தது. என் வீட்டில் விருந்தாளி, அதனால் இன்னொரு குடம் எடுத்து வந்தேன், அதை யாரும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மருதாசலம் வழக்கம்போல வாசலுக்கு வந்தார், வழக்கம்போல செல்போனை எடுத்து என்னை நோக்கி நீட்டினார், ஒரு நிமிஷம் அதையே பார்த்தார், பிறகு கீழே இறக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். எனக்கு வாய் சும்மா இருக்குமா, ஏனுங்க, இன்னைக்குப் படம் பிடிக்கலீங்களா என்று கேட்டேன்.

“எடமில்லீங்க,” என்றார் அவர். “அந்த எடத்துல புள்ள படுத்திருக்குது.”

நான் அந்தக் குடத்தைத் தூக்கி அவர் வாளியில் ஊற்றிவிட்டு வந்தேன்.